ஒற்றை உறுப்பினரின் எடை

1930இல் சென்னையில் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. சட்டமன்ற உறுப்பினராகத் தனக்கு நேர்ந்த அனுபவங்களை ஒரு மருத்துவர் அதில் எழுதியிருந்தார். மூன்றரை ஆண்டுக் காலத்தில் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன், எதற்காக வாதாடினேன் என்று ஊராருக்குக் கணக்கு ஒப்படைப்பதுபோல அமைந்த நூல் அது. எழுதியவர் முத்துலட்சுமி ரெட்டி. தன்வரலாறு எழுதிய அரசியல் தலைவர்கள் நம்மிடம் பலர் உண்டு. அவையில் செய்த வேலையை மட்டும் தனியே எடுத்துக் கணக்குக் காட்டியவர்கள் மிகக் குறைவு.

அமைச்சராகவும் இல்லாத, கட்சித் தலைவராகவும் இல்லாத ஓர் உறுப்பினரால் அவையில் என்ன செய்ய முடியும்? ஒரு காலத்தில் செய்ய முடிந்ததை இன்று ஏன் செய்ய முடியவில்லை? எம்.எல்.ஏ.க்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அவர்களுடைய குணத்தைப் பற்றியே பேசுகிறோம்: நல்லவர், எளியவர், சம்பாதித்தவர், தாவியவர். அந்த வேலையே நூறு ஆண்டுகளில் எப்படி மாறிப்போனது என்பதைப் பேசுவதில்லை. குணத்தைவிட இந்த மாற்றமே பெரிய காரணம் என்பது என் கருத்து. அதற்குப் பழைய கதையிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர் அவரே. 1927இல் அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்வானார். அந்த ஆண்டு நவம்பரில், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அப்படிப் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிகளுக்குக் கோயில் ஊழியத்துக்கு ஈடாக இனாம் நிலம் இருந்தது. ஊழியம் நின்றால் நிலம் கைவிட்டுப் போகும். நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் தலைமுறைக்கு ஒரு பெண்ணைக் கோயிலுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஒழுக்கத்தைப் பற்றி எவ்வளவு பிரசங்கம் செய்தாலும் இந்த முடிச்சு அவிழாது. அது நிலத்தில் போட்ட முடிச்சு. 1926இன் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைத் தானே கொண்டுவந்து, ஊழியத்திலிருந்து அந்த நிலங்களை விடுவிக்க வழி செய்தார். ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே என்றானது. 1929இல் அது சட்டமாயிற்று. ஒரு தனி உறுப்பினரின் வேலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஊரறிந்த ஒரு கொடுமையை எடுத்துக்கொண்டு, அது எந்தச் சட்டப் பிரிவில் வேர்விட்டிருக்கிறது என்று தேடி, அங்கே கை வைத்தார்.

எதிர்ப்பும் சாதாரணமாக இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளர்கள் மறுத்து நின்றார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகளே சங்கமாகக் கூடி அரசுக்கு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். நாங்கள் கலைஞர்கள், எங்களைப் பரத்தையரோடு சேர்த்துச் சட்டம் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் சொத்துக்கு உரிமையுள்ளவர்களாகவும் கல்வியும் கலையும் உள்ளவர்களாகவும் வாழ்ந்த குடும்பங்கள் அதில் இருந்தன. ஆனால், பொட்டுக்கட்டப்படும் சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே. நில விஷயத்தில் முத்துலட்சுமி செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன்.

பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் இரண்டாவது மசோதாவை 1930 தொடக்கத்தில் கொண்டுவந்தார். அந்த ஆண்டே காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். மசோதா நின்றுபோனது. வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மேடையிலும் எழுத்திலும் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். சட்டம் வந்தது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல். அவையிலிருந்து ஒருவர் விலகியதும் ஒரு சட்டம் பதினேழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அதே அவையில் இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல், அரசு ஆவணங்களில் இழிவாக வழங்கிய சாதிப் பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை வழங்கத் தீர்மானமானது. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் அரசு அலுவலகத்துக்குள் நுழையவும் எவருக்கும் தடையில்லை என்றது. இன்று படித்தால் இதற்கும் ஒரு தீர்மானமா என்று தோன்றும். அன்று ஓர் ஆதிதிராவிடர் அதே தெருவில் நடந்ததற்காக அடிபட்டார். அடித்தவரைக் கேட்க அரசிடம் ஒரு காகிதமும் இல்லை. சீனிவாசன் அந்தக் காகிதத்தை உண்டாக்கினார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இந்த மூவரும் அந்த அவைக்கு மக்கள் வாக்களித்து வந்தவர்கள் அல்லர்; அரசால் நியமிக்கப்பட்டவர்கள். 4 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 1920 தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர்தான். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு. இந்த மூவருக்கும் அடுத்த தேர்தல் பற்றிய கவலை இல்லை, கட்சிக் கட்டுப்பாடு இல்லை, வாசலில் மனுவோடு நிற்கும் கூட்டம் இல்லை. அவர்களுடைய சுதந்திரம் மக்களாட்சி குறைவாக இருந்ததால் கிடைத்த சுதந்திரம். அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. மக்களிடம் வாக்கு வாங்கி வந்த ஒருவருக்கு அந்தச் சுதந்திரத்தில் ஒரு பங்காவது ஏன் கிடைக்கவில்லை என்று மட்டும் கேட்கலாம்.

கட்சிப் பெரும்பான்மையின் பலம் முதன்முதலில் முழுதாகத் தெரிந்தது 1938இல். முந்தைய ஆண்டுத் தேர்தலில் வென்று ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்திருந்தது. பொது இடங்களில் தீண்டாமையைத் தடுக்கும் மசோதாவை எம்.சி. ராஜா கொண்டுவந்தார், அது நிறைவேறிச் சட்டமானது. அதே ஆண்டு, கோயில் நுழைவுக்கும் ஒரு மசோதா கொண்டுவந்தார். மலபாருக்கு மட்டுமான மசோதாவை முதலில் பார்ப்போம் என்றது அரசு. ராஜாவின் மசோதா வாக்கெடுப்பில் தோற்றது. கோயில் நுழைவை விரும்பிய காங்கிரஸ்காரர்கள் பலர் அவையில் இருந்தார்கள், ஆனால் அரசு வேண்டாம் என்ற பிறகு அவர்களுடைய விருப்பத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித் தோழர்களோடும் ஒரு நாடாரோடும் நுழைந்த பிறகே அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. அவையில் தோற்றுப்போனது கோயில் வாசலில் வென்றது.

1952இல் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்து நடந்த முதல் பொதுத் தேர்தல். சென்னை மாநிலச் சட்டப்பேரவைக்கு 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. மேலவைக்கு நியமிக்கப்பட்டு வந்த ராஜாஜி முதலமைச்சர் ஆனார். மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி, ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி ஆகியவற்றின் ஆதரவால் வட மாவட்டங்களின் வன்னியர் குரல் முதன்முறையாக ஆட்சியைத் தாங்கும் தூணானது. ஒரு சில உறுப்பினர்களின் எடை ஆட்சியையே சாய்க்கக்கூடும் என்பதை எல்லாக் கட்சிகளும் அன்று கற்றுக்கொண்டன. பிற்காலத்துக் கொறடாக்களின் கண்டிப்புக்கு விதை அங்கேயும் இருக்கிறது.

1957இல் தி.மு.க.விலிருந்து 15 பேர் அவைக்குள் வந்தார்கள். குளித்தலையிலிருந்து வந்த மு. கருணாநிதியின் முதல் பேச்சு நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையைப் பற்றியது. அந்த 15 பேரால் ஒரு சட்டத்தையும் நிறைவேற்ற முடியவில்லை. ஆனால் கேள்வி நேரமும், மானியக் கோரிக்கை விவாதமும், வெட்டுத் தீர்மானமும் அவர்கள் கையில் கருவிகளாயின. அமைச்சரை எழுந்து பதில் சொல்ல வைத்து, அந்தப் பதிலை மறுநாள் தெருமுனைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்கள். 1962இல் அவர்கள் 50 பேர், 1967இல் ஆட்சி. சட்டம் இயற்ற முடியாத எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அவை ஒரு மேடை என்பதை அவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இல்லை. பதின்மூன்று தேர்தல்களில் போட்டியிட்டு ஒன்றில்கூடத் தோற்காத கருணாநிதியின் அறுபது ஆண்டு சட்டமன்ற வாழ்வு அந்த நங்கவரம் பேச்சில் தொடங்கியது.

தனி உறுப்பினர் மசோதா சட்டமாவது இதற்குப் பின் மெல்ல மறைந்தது. நாடாளுமன்றத்தில்கூட, 1952 முதல் இதுவரை அப்படிச் சட்டமானவை 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல்.

இனி இன்றைய எம்.எல்.ஏ.வின் காலைப்பொழுதுக்கு வருவோம். பொழுது விடியும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். முதியோர் உதவித்தொகை நின்றுபோச்சு என்று ஒரு மூதாட்டி, பட்டா மாறுதலுக்கு ஆறு மாதமாக அலைகிறேன் என்று ஒரு விவசாயி, அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி விடுங்கண்ணே என்று ஒரு குடும்பம், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம், மருமகனுக்கு மாறுதல், ஸ்டேஷனில் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் லெட்டர் பேடில் ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். அது முடிந்தால் கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு. துக்க வீட்டுக்குப் போகாத எம்.எல்.ஏ.வை ஊர் மன்னிக்காது. சட்டமன்றத்தில் வாய் திறக்காத எம்.எல்.ஏ.வை ஊர் கவனிப்பதுகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாசில்தார் அலுவலகம் சாதாரண மனிதருக்குக் கதவைத் திறந்திருந்தால் அந்த மூதாட்டி இந்த வாசலுக்கு ஏன் வரப்போகிறார்?

தெருவிளக்கும் குடிநீரும் சாக்கடையும் உள்ளாட்சியின் வேலை. 73, 74ஆம் அரசியல் சாசனத் திருத்தங்கள் அதைத் தெளிவாகவே எழுதி வைத்தன. ஆனால் தமிழ்நாட்டில் 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் இல்லை. நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் கவுன்சிலரும் ஊராட்சித் தலைவரும் இல்லாத தெருக்களின் குப்பைகூட எம்.எல்.ஏ.வின் கணக்கில் சேர்ந்தது. தொகுதி மேம்பாட்டு நிதி இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கியது. பயணியர் நிழற்குடையிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் ஹைமாஸ் விளக்குக் கம்பத்திலும் உறுப்பினரின் பெயர் எழுதப்படுகிறது. அவர் கேட்ட கேள்விகள் அவைக் குறிப்பில் அச்சாகி அலமாரிக்குப் போகின்றன. எதில் நேரத்தைச் செலவிட்டால் அடுத்த தேர்தலில் உதவும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆள்தொகையையும் பார்க்க வேண்டும். பேரவையின் 234 இடங்கள் 1967 முதல் மாறவில்லை. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4 கோடியே 12 லட்சம். 2011இல் 7 கோடியே 21 லட்சம். அதே 234 பேர் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு மக்களுக்குப் பதில் சொல்கிறார்கள். சோழிங்கநல்லூரில் 2021 தேர்தலின்போது 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே வாசல்.

பணத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். வேட்பாளர் ஒருவர் செலவிடச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 2022இல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. உறுப்பினரின் மாதச் சம்பளமும் படிகளும் 2017இல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டன. இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும் தேர்தல் எங்கேயாவது நடக்கிறது என்று நம்புகிறவர் குறைவு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல், வாக்குக்குப் பணம் கொடுக்கும் ஒரு சூத்திரத்துக்கே பெயர் தந்தது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்த வேண்டியிருந்தது. இப்படி வந்தவர் தன் கட்சியை எதிர்த்து ஒரு வாக்குப் போடும் துணிச்சலை எங்கிருந்து பெறுவார்?

துணிச்சல் இருந்தாலும் சட்டம் விடாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்குக்கும், ஒரு சாதாரணச் சட்டப் பிரிவின் மேலான வாக்குக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. ஹரியானாவில் கயா லால் 1967இல் இரண்டே வாரங்களில் மூன்று முறை கட்சி மாறிய அசிங்கத்தைப் பார்த்த நாடு அந்தச் சட்டத்தைக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் தாவலை நிறுத்தியதா? 2017 பிப்ரவரி 18 அன்று, கூவத்தூர் விடுதியில் தங்க வைக்கப்பட்டிருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அங்கிருந்து நேரே அவைக்கு அழைத்து வரப்பட்டார்கள். நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று வென்றார். அரசுக்கு எதிராக வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் தரப்பின் 11 பேர் பதவி இழக்கவில்லை. அவையில் அரசை எதிர்த்து வாக்களிக்காமல், பின்னர் ஆளுநரிடம் மனு மட்டும் கொடுத்த டி.டி.வி. தினகரன் தரப்பின் 18 பேர் அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாமவர் 2018 அக்டோபரில் பேரவைத் தலைவரின் முடிவை உறுதிசெய்தார். 18 தொகுதிகளும் 2019 வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. ஒரே கட்சி, ஒரே பேரவைத் தலைவர், ஒரே சட்டம். இரண்டு விதமான முடிவுகள். தீர்ப்பின் சட்ட நுட்பம் எதுவாக இருந்தாலும், பேரவையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண உறுப்பினர் அதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார் என்பதுதான் எனக்குக் கவலை.

வாக்கு போனது, பேச்சாவது மிஞ்சியதா? பெரிய திட்டங்களை முதலமைச்சர் விதி 110இன் கீழ் அறிவிப்பது 2011க்குப் பின் வழக்கமாகிவிட்டது. அந்த விதியில் படிக்கப்படும் அறிக்கையின் மேல் விவாதம் கிடையாது. உறுப்பினருக்கு மிஞ்சுவது மேசையைத் தட்டுவது. மானியக் கோரிக்கையில் கிடைக்கும் சில நிமிடங்களிலும் பாதி தலைவரைப் போற்றுவதில் கழிகிறது. மீதியில் தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு பேருந்து நிலையம். பெண்களின் எண்ணிக்கையும் இந்தத் தேய்வோடு சேர்ந்தே நிற்கிறது: 1991இல் 32 பெண்கள் இருந்த பேரவைக்கு 2021இல் வந்தவர்கள் 12 பேர்.

இந்தச் சூழலிலும் தன்னை விற்காமல் வாழ்ந்தவர்கள் உண்டு. மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து 2001, 2006 தேர்தல்களில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறன் அவர்களில் ஒருவர். மேடையில் சிரிக்கச் சிரிக்கப் பேசி, சிந்திக்கவும் வைப்பவர். மதுரைக்காரர்கள் மேடைக் கலைவாணர் என்றே அழைத்தார்கள். பத்தாண்டு எம்.எல்.ஏ.வாக இருந்துவிட்டு வாடகை வீட்டில் குடியிருந்தார். இறந்த ஆண்டான 2021இல், அரசு குடியிருப்பில் வீடு கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போன அவரது படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். எனக்கும் மனம் கனத்தது. இவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைகள் அவர் ஆட்டோவில் போனதையும் வாடகை வீட்டையும் எழுதுகின்றன. அவையில் அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுவதில்லை. நேர்மையைப் பாராட்டுகிற நாமும் அவரை உறுப்பினராகப் பார்க்கத் தவறிவிட்டோம்.

வழி என்னவென்று 1990லேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லிவிட்டது. நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா, நன்றி தெரிவிக்கும் தீர்மானம் போன்ற, ஆட்சியின் உயிரைத் தொடும் வாக்குகளில் மட்டும் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போகட்டும். மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தன் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்பது அதன் சாரம். ஆட்சியும் கவிழாது, உறுப்பினரும் ஊமையாக மாட்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பரிந்துரை கிடப்பில் கிடக்கிறது. எந்தப் பெரிய கட்சியும் அதைக் கையில் எடுத்துப் போராடவில்லை. 1938இல் எம்.சி. ராஜாவின் கோயில் நுழைவு மசோதா தோற்றது உண்மைதான். ஆனால் அவர் பக்கம் வாக்களித்தவர்கள் மறுநாள் காலையில் தங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள்.